1929 பிரவுன் சீல் நோட்டா? முதலில் சார்ட்டர் நம்பரைக் கேளுங்கள்

அமெரிக்காவில் பழைய நேஷனல் பேங்க் நோட்டு சேர்க்கும் நம்மவர்கள் கவனத்துக்கு. 'அரிய 1929 நேஷனல் கரன்சி, சிகாகோ, 20 டாலர்' என்று ஒருவர் ஆன்லைனில் விற்றதை 400 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்தது நேஷனல் பேங்க் நோட்டே இல்லை, ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டு, அதாவது அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கி பெயரில் வந்தது. நைந்துபோன அந்த நோட்டை எனக்குத் தெரிந்த நாணய வியாபாரி 40 டாலருக்குத்தான் கேட்டார்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்றால், 1863 முதல் 1935 வரை 12,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் வங்கிகள் தங்கள் பெயர் போட்டே நோட்டு வெளியிட்டன. ஏதோ ஒரு சின்ன ஊர் வங்கி, மிஞ்சியிருப்பது நாலைந்து நோட்டுதான் என்றால் விலை எங்கேயோ போய்விடும். 1933 மார்ச்சில் வங்கிகள் மூடிக் கிடந்த நெருக்கடியில் அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. அதே நேஷனல் நோட்டுத் தாள்களில் 'பிரசிடென்ட்' (வங்கித் தலைவர்) என்ற பதவிச் சொல்லைப் பட்டை போட்டு அடித்துவிட்டு, ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளின் பெயரை அச்சிட்டு லட்சக்கணக்கில் விட்டார்கள். உச்சியில் 'நேஷனல் கரன்சி' அப்படியே இருக்கும். சீலும் அதே பழுப்பு நிறம்தான்.

வித்தியாசம் தெரிவது இடது பக்கத்தில். அங்கேதான் வங்கியின் பெயர் இருக்கும். எனக்கு விற்ற ஆள் போட்ட படத்தில் சரியாக அந்த இடத்தில், பிளாஸ்டிக் உறைமேல் விலை ஸ்டிக்கர்! கேட்டதற்கு, "நேஷனல் கரன்சி என்று நோட்டிலேயே இருக்கிறதே, நான் எங்கே பொய் சொன்னேன்?" என்று பதில் வந்தது. என்ன ஒரு சாமர்த்தியம்! வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லாத, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில்தான் பணம் வேண்டும் என்று முதலிலேயே வற்புறுத்தியிருந்தார். அதனால் பணம் அனுப்பிய கம்பெனியும் கைவிரித்துவிட்டது.

1929 நேஷனல் நோட்டில் இடமும் வலமும் வங்கியின் சார்ட்டர் நம்பர் (வங்கி நடத்த அரசு அனுமதி தந்தபோது கொடுத்த எண்) கறுப்பில் இருக்கும். ரிசர்வ் நோட்டில் அது கிடையாது, பெரிய எழுத்து ஒன்று இருக்கும், சிகாகோவுக்கு 'ஜி'. உறையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் படம் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் பணம் அனுப்பாதீர்கள். அந்த ஆள் இப்போது கான்சாஸ் சிட்டி நோட்டு ஒன்றை 350 டாலருக்குப் போட்டிருக்கிறார்.