பிராங்பர்ட்டில் ஒரு ராத்திரி: வழக்கமாகத் தங்கிப்போகும் ஒருவரின் அனுபவம்

வேலை விஷயமாக கலிஃபோர்னியா போய்விட்டு சென்னைக்குத் திரும்பும்போது ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் ஒரு ராத்திரி தங்கி வருவது எனக்குப் பல வருடப் பழக்கம். அமெரிக்க மேற்குக் கரையில் மதியம் கிளம்பும் விமானம் மறுநாள் முற்பகலில்தான் பிராங்பர்ட்டில் இறங்கும். அதற்குள் அன்றைய சென்னை விமானம் போயிருக்கும். அடுத்தது மறுநாள் காலைதான். துபாய், தோஹா மாதிரி நள்ளிரவில் ஒரு விமானம் பிடித்துப் போய்விடவும் முடியாது, ஏனென்றால் இந்த விமான நிலையத்தில் ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை வழக்கமான விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை இருக்கிறது. சுற்றுவட்டார மக்கள் தூக்கம் கெடுகிறது என்று போராடி 2011-இல் வந்த தடை அது. 2012-இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்படி இருபது மணி நேரத்துக்கு மேல் இடைவெளி காட்டும் டிக்கெட்டைப் பார்த்ததும் பலர் தள்ளிவிடுவார்கள். நான் அதைத்தான் தேடிப் பிடிக்கிறேன். ஊர் சுற்றுவது ஒரு லாபம் என்றால் அதைவிடப் பெரிய லாபம் உடம்புக்கு. கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் சென்னைக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அதில் ஒன்பது மணி நேரம் பிராங்பர்ட்டிலேயே கழிந்துவிடும். பகல் முழுக்க வெளிச்சத்தில் நடந்து, ராத்திரி படுக்கையில் கால் நீட்டித் தூங்கி எழுந்தால் மீதி மூன்றரை மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே மூச்சில் வந்து சேர்ந்த காலங்களில் ஒரு வாரம்வரை பகலில் கண் சொருகும், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். தங்கி வர ஆரம்பித்த பிறகு அந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விமான நிலையத்தைவிட்டு வெளியே வர ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். அமெரிக்க விசா இருக்கிறதே என்றால் அது இதற்கு உதவாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஒரு ராத்திரிக்காக மட்டும் இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையா என்றால் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அவ்வப்போது ஐரோப்பா போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தினார்கள். முந்தைய மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால் பல தடவை போய்வரக்கூடிய இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி விசா கிடைக்கும். அடுத்து ஐந்து வருடத்துக்கும் தர வாய்ப்புண்டு. அப்படி ஒன்று கையில் இருந்தால் இந்த லேயோவர் என்கிற இடைத்தங்கல் கிட்டத்தட்ட ஹோட்டல் செலவோடு முடிந்துவிடும். இன்னொன்று, 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புது முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டியை நேராகச் சென்னைக்கே போடச் சொல்லிவிடலாம். கிளம்பும் இடத்தில் ஒட்டும் டேக்கில் சென்னையின் குறியீடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கையில் ஒரு முதுகுப்பை போதும். அதில் மாற்றுடை, மாத்திரை, பல் துலக்கும் சாமான், சார்ஜர், அப்புறம் கோடையானாலும் ஒரு மெல்லிய ஜாக்கெட். ஆற்றங்கரையில் சாயங்காலம் குளிரும்.

ஊருக்குள் போவது சுலபம். டெர்மினல் 1-க்குக் கீழேயே ரயில் நிலையம். எஸ்8, எஸ்9 என்கிற நகர ரயில்கள் இரண்டும் கால் மணி நேரத்துக்குள் ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சுரங்கம் வழியாக ஹாப்ட்வாகெ, கொன்ஸ்டாப்ளர்வாகெ நிறுத்தங்களுக்குப் போகும். இயந்திரத்தில் வாங்கும் டிக்கெட்டில் நேரம் அச்சாகியே வரும், தனியாக முத்திரை குத்த வேண்டியதில்லை. தடுப்புக் கதவு எதுவும் இல்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறினால், பரிசோதகர் வரும்போது 60 யூரோ அபராதம். கோடை விடுமுறையில் அந்தச் சுரங்கத்தைப் பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு. அதனால் கிளம்புவதற்கு முன் ரயில் செயலியை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

எங்கே தங்குவது? விலை பார்த்துத் தேடினால் மத்திய நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்கள்தான் மேலே வரும். அந்தப் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய, ஆசிய உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைந்த தெருக்கள்தான், பகலில் சாப்பிடப் போகலாம். ஆனால் போதைப்பழக்கத்தில் சிக்கியவர்கள் நடைபாதையில் கிடப்பதும், சிவப்பு விளக்கு விடுதிகளும் அங்கேயேதான். நான் தங்கிய ஒரு ஹோட்டலில் ஏசி இல்லை. ஜன்னலைத் திறந்தால் விடியவிடியத் தெருச் சத்தம், மூடினால் புழுக்கம். அதன் பிறகு கொன்ஸ்டாப்ளர்வாகெ பக்கம் மாறிவிட்டேன். நேரடி ரயில் உண்டு, பழைய ஊர் நடை தூரம். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் விமான நிலையத்தோடு மூடிய நடைபாலத்தால் இணைந்த ஹோட்டல்களில் தங்கலாம். வாடகை கூடுதல்தான், ஆனால் காலையில் பதற்றம் இருக்காது.

அறைக்குப் போனதும் படுக்கையில் சாயாதீர்கள், உங்கள் உடம்புக்கு அப்போது நடு ராத்திரி. குளித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். என் வழி எப்போதும் ஒன்றுதான். ஹாப்ட்வாகெயிலிருந்து பவுல்ஸ்கிர்ஷெ, அங்கிருந்து ரோமர்பெர்க் சதுக்கம், தேவாலயம், ஆற்றைக் கடந்து தென்கரை. பவுல்ஸ்கிர்ஷெ வெளியிலிருந்து பார்த்தால் எளிமையான நீள்வட்டக் கட்டடம். ஜெர்மனி முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்றம் 1848-இல் கூடியது அங்கேதான். ரோமர்பெர்க்கில் மரச்சட்டம் தெரியும் அழகான வீட்டு வரிசையைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவை 1980-களில் கட்டியவை. இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் குண்டுவீச்சில் பழைய ஊர் ஏறக்குறைய முழுதாக எரிந்துபோனது. சதுக்கத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவே பிற்பாடு எழும்பிய பெரிய கான்கிரீட் நகராட்சிக் கட்டடத்தை இடித்துவிட்டு, பழைய தெருக்களின் போக்கிலேயே 35 வீடுகள் கட்டி 2018-இல் முடித்தார்கள். அவற்றில் 15 வீடுகள் அழிந்துபோனவற்றின் மறு வடிவங்கள், மற்றவை புது வடிவமைப்பு. ‘எல்லாம் போலி’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எரிந்த வீடுகளிலிருந்து தப்பித்த கல் துண்டுகளைத் தேடிப் பிடித்துப் புதுச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கண்டுபிடித்துக்கொண்டே மெதுவாக நடப்பேன்.

தேவாலயத்தில் 1562 முதல் 1792 வரை புனித ரோமானியப் பேரரசர்கள் பத்துப் பேருக்கு முடிசூட்டு விழா நடந்திருக்கிறது. 328 படி ஏறினால் கோபுரத்தின் மேல்தளம். நீண்ட விமானப் பயணம் முடித்த கால்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் ஐசெர்னர் ஷ்டேக் என்கிற இரும்பு நடைபாலத்தில் நின்று மைன் நதியைப் பாருங்கள். ஒரு பக்கம் தேவாலயக் கோபுரம், மறு பக்கம் வங்கிகளின் வானுயரக் கட்டடங்கள். போரின் கடைசி நாட்களில் ஜெர்மன் ராணுவமே தகர்த்த பாலம் இது, 1946-இல் மீண்டும் கட்டிவிட்டார்கள்.

தென்கரையில் அருங்காட்சியகங்கள் வரிசையாக உண்டு. ஒன்றே ஒன்று என்றால் ஷ்டேடல். டச்சு ஓவியர் வெர்மீர் 1669-இல் வரைந்த புவியியலாளர் படம் அங்கே இருக்கிறது. உள்ளங்கை அகலப் படமில்லை என்றாலும் சின்னதுதான். மேசையில் விரித்த வரைபடத்திலிருந்து தலை நிமிர்ந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கும் மனிதர். அவர் முன்னால் நிற்பதற்காகவே வியாழக்கிழமை லேயோவர் கிடைத்தால் சந்தோஷப்படுவேன், அன்று இரவு 9 மணிவரை திறந்திருக்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு என்றால் அருங்காட்சியகம் உண்டு, கடைகள் கிடையாது. வீட்டுக்குச் சாக்லேட் வாங்க அன்று விமான நிலையமும் மத்திய ரயில் நிலையமும்தான் கதி.

சாப்பாட்டுக்கு ஷ்டேடலிலிருந்து ஷ்வைட்சர் தெருப் பக்கம் நடந்துவிடுவேன். அங்கே உள்ள ஆப்பிள் ஒயின் கடைகளில் நீளமான மரப் பலகையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும், அது ஒரு சுகம். பெம்பெல் என்கிற நீலப் பூ வேலை செய்த சாம்பல் நிற ஜாடியில் ஊற்றித் தருவார்கள். நல்ல புளிப்பு. மது வேண்டாம் என்றால் சோடா கலந்த ஆப்பிள் சாறு கேட்கலாம். சைவர்களுக்கு இந்த ஊரில் ஒரு வரம் உண்டு: கிரூனெ சோஸெ. ஏழு பச்சிலைகளைப் பொடியாக நறுக்கிப் புளித்த க்ரீமில் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டையோடு தருவார்கள். பார்ஸ்லி, சைவ்ஸ், க்ரெஸ் இவற்றோடு நம் சுக்காங்கீரைக்கு உறவான ஒரு புளிப்புக் கீரையும் உண்டு. விமானச் சாப்பாட்டில் செத்துப்போன நாக்குக்கு அது போதும். முட்டை சாப்பிடாதவர்கள், சாஸிலேயே முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகளில் கார்டு வாங்குவதில்லை, கொஞ்சம் ரொக்கம் வேண்டும்.

பருவத்தைப் பொறுத்து இந்த நாள் மாறும். ஜூனில் ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும், ஆற்றங்கரைப் புல்வெளியில் உட்கார்ந்துகொண்டே தூக்கத்தைத் தள்ளிப்போடலாம். டிசம்பரில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் முதலில் வெளியே நடந்துவிட்டு, இருட்டிய பிறகு அருங்காட்சியகம், கிறிஸ்துமஸ் சந்தை என்று வைத்துக்கொள்வேன். எப்படியானாலும் ஒன்பது மணிக்கு மேல் படுக்கை, விடிகாலையில் தானாக விழிப்பு.

காலையில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருப்பேன். பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் வரிசை, அப்புறம் நீண்ட நடை, எல்லாம் சேர்ந்து நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

வயதான அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் இந்த டிக்கெட்டைப் போடாதீர்கள். விசா இல்லாதவர்களுக்கு பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டாமலே டெர்மினல் 1-க்குள் தங்க ஒரு டிரான்ஸிட் ஹோட்டல் இருக்கிறது, ஆனால் அறைகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளியும் சக்கர நாற்காலி உதவியும்தான் சரி.