வால் போல்ட்டுக்கு எந்த நட்டு: நைலொக்கா, காசலா?
அல்ட்ராலைட் எனும் மிக இலகுவான சிறு விமானத்தின் வால் போல்ட்டுகள் கழன்றுவிடாமல் காக்க இரண்டு வழிகள் உண்டு: உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலொக் நட்டு ஒன்று, மேல் விளிம்பில் பள்ளங்கள் வெட்டிய காசல் நட்டும், அப்பள்ளங்களினூடாகப் போல்ட்டின் துளை வழியே செல்லும், இரு கால்களை விரித்து மடக்கும் கொட்டர் பின்னும் மற்றொன்று.

நைலொக் விரைவாகப் பூட்டக்கூடியது, போல்ட்டில் துளையும் வேண்டாம். வாலைத் தாங்கும் கம்பிகளின் அசையாத இணைப்புகளுக்கு அது போதும். ஆனால் சுக்கான் திரும்பும் கீல்களில், போல்ட்டே சுழலக்கூடிய இடங்களில், உராய்வை மட்டும் நம்பும் நட்டுக்கு இடமளிக்கக் கூடாது. லொறிச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டிய தோட்டத்து மெக்கானிக்குகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சோதனையிலும் வேறுபாடு பெரிது. கொட்டர் பின் இருக்கிறதா, கால்கள் விரிந்துள்ளனவா என்பதை ஒரு பார்வையில் அறியலாம். நைலொக்கின் பிடிமானமோ கண்ணுக்குத் தெரியாது. பூட்டும்போது நைலான் வளையத்தைத் தாண்டியும் விரலாலேயே சுழன்றால் அதை வீச வேண்டும், பூட்டிய பின் போல்ட்டின் மரையில் குறைந்தது ஒரு முழுப் புரியாவது நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வண்ணக்கோடு இட்டால் நகர்வு உடனே புலப்படும்.

காசலிலும் தொல்லை உண்டு: கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பின் வேண்டும்; பள்ளம் துளையோடு பொருந்தாவிடில், அளவுக்கு மீறி முறுக்காமல் வொஷரை மாற்ற வேண்டும்.

சுமார் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவின் ஈரமூட்டத்தில் எந்த வகை நட்டிலும் துரு பிடிக்கலாம். போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் அரிப்பின் அடையாளமான வெண்தூள் தெரிந்தால் போல்ட்டை உருவிப் பார்க்காமல் பறக்கக் கூடாது.