கியோட்டோவில் தங்குவதா, ஒசாகாவில் தங்குவதா?

"ஒசாகாவில் ரூம் போடு, கியோட்டோவுக்கு ரயிலில் போய் வா." முதல்முறை ஜப்பான் போகிறவர்களுக்கு இணையத்தில் பாதிப் பேர் சொல்லும் யோசனை இது. கணக்குப்படி தப்பில்லை. ஷின்காய்சொகு என்ற வேக ரயில் ஒசாகாவிலிருந்து அரை மணி நேரத்தில் கியோட்டோவில் இறக்கிவிடும், டிக்கெட் சுமார் 600 யென், அதுவும் முன்பதிவு இல்லாமல். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் 15 நிமிடம்தான், ஆனால் அது ஷின்-ஒசாகா என்ற வேறு நிலையத்திலிருந்து கிளம்புகிறது, அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்தால் பெரிய லாபமில்லை, காசு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனாலும் கோயில் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த யோசனையைக் கேட்காதீர்கள். கியோட்டோ பார்க்கும்படி இருப்பது காலை எட்டு மணிக்கு முன்புதான். ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வாயில்கள் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. கியோமிசுதேரா கோயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். ஒசாகாவில் எழுந்து, குளித்து, ரயில் பிடித்து, அங்கிருந்து பஸ் ஏறி நீங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகியிருக்கும், அராஷியாமா மூங்கில் காட்டில் மூங்கிலை விட செல்ஃபி குச்சிகள்தான் கண்ணில் படும். கியோட்டோவிலேயே தங்கியவர் அதற்குள் இரண்டு இடம் பார்த்துவிட்டு காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருப்பார்.

அதற்காக கியோட்டோ சுலபமான ஊர் என்று நினைக்க வேண்டாம். சுரங்க ரயில் இரண்டே பாதைகள், மற்றதெல்லாம் பஸ், அதில் பெட்டியோடு ஏறினால் எல்லோருக்கும் கஷ்டம். பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸையும் கூட்டம் தாங்காமல் நிறுத்திவிட்டார்கள், இப்போது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் பாஸ்தான். செர்ரி பூக்கும் காலத்திலும் நவம்பர் இலையுதிர் காலத்திலும் ஓட்டல் வாடகை எகிறும். ஒசாகாவில் மிதோசுஜி என்ற ஒரே சுரங்க ரயில் பாதையில் உமேடா, ஷின்சாய்பாஷி, நாம்பா, தென்னோஜி எல்லாம் வந்துவிடும், ரூமும் பெரும்பாலும் மலிவு.

ஒசாகாவில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், கோட்டை வெளியிலிருந்துதான் அழகு. 1931இல் கான்கிரீட்டில் கட்டிய கோபுரம் அது, உள்ளே லிஃப்ட் வைத்த அருங்காட்சியகம். (கியோட்டோவில் கின்காகுஜி கோயிலின் தங்க மண்டபம் மட்டும் ரொம்பப் பழசா? 1950இல் எரிந்து, 1955இல் திரும்பக் கட்டியது. அதை யாரும் குறை சொல்வதில்லை.) குழந்தைகள் இருந்தால் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். மற்றபடி ஒசாகா என்றால் ராத்திரி, தோதோன்போரி விளக்குகள், சாப்பாடு.

சாப்பாட்டில்தான் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். அசைவம் சாப்பிடுகிறவருக்கு ஒசாகாவை மிஞ்ச ஆளில்லை. ஆக்டோபஸ் வைத்த மாவு உருண்டையான தகோயாகி, முட்டைக்கோஸ் போட்டு அடை மாதிரி சுடும் ஒகோனோமியாகி, ஷின்செகாய் என்ற பகுதியில் குச்சியில் குத்திப் பொரித்த குஷிகாட்சு, எல்லாம் கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். குஷிகாட்சு கடையில் சாஸ் பொதுவில் வைத்திருந்தால் ஒரு குச்சியை ஒரு முறைதான் முக்க வேண்டும், கடித்ததை மறுபடி முக்கினால் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

சைவம் என்றால் கியோட்டோ, யோசிக்கவே வேண்டாம். நான்சென்ஜி கோயில் பக்கம் யூதோஃபு, அதாவது வெந்நீரில் வெந்த டோஃபு, அப்புறம் சோயா பாலில் பாலாடை மாதிரி எடுக்கும் யூபா, கோயில் சமையலான ஷோஜின் ரியோரி. விலை கூடுதல்தான், ஆனால் சாப்பிட ஏதாவது இருக்கிறது. ஒசாகாவில் காய்கறி ஒகோனோமியாகி கேட்டால்கூட மேலே மீன் சீவல் ஆடிக்கொண்டு வரும், மாவிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். தாஷி எனும் அந்தச் சாறுதான் இரு ஊரிலும் நம் ஆட்களுக்கு எதிரி, உடோன் குழம்பு, யூதோஃபுவுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாஸ் வரை நுழைந்திருக்கும். "நிக்கு தோ சகானா வா தபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன். அதோடு நிறுத்தாமல் "கட்சுவோ தாஷி ஹைத்தெ இமாஸ் கா?" என்று மீன் சாறு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சொல் வரிசை தமிழ் மாதிரியே, வினை கடைசியில், கேள்வியைக் காட்டும் "கா" அதற்கும் பின்னால். மனப்பாடம் செய்ய இரண்டு நாள் போதும். மற்றதற்கெல்லாம் "சுமிமாசென்" (மன்னிக்கணும்) என்பதும், கையைக் காட்டி "கொரே குதாசாய்" (இதைக் கொடுங்கள்) என்பதும் போதும்.

நாராவுக்குப் போக இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹிமேஜி, கோபே ஊர்களுக்குப் போகிறவருக்கு ஒசாகாதான் கிட்டே.

என்னைக் கேட்டால் ஐந்து இரவில் மூன்று கியோட்டோ, இரண்டு ஒசாகா, இதே வரிசையில். கான்சாய் விமான நிலையம் நாம்பாவிலிருந்து 40, 45 நிமிடம், கியோட்டோவிலிருந்து ஹாருகா என்ற விமான நிலைய விரைவு ரயிலிலேயே 75 நிமிடத்துக்கு மேல், அதனால் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு ஒசாகாவில் இருப்பது நல்லது. பெரிய பெட்டியை ஓட்டல் வரவேற்பறையிலேயே தக்யூபின் என்ற பார்சல் சேவையில் போட்டுவிட்டால் பெரும்பாலும் அடுத்த நாள் ஒசாகா ஓட்டலுக்குப் போய்விடும், ஒரு இரவுக்கான துணியை மட்டும் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.