மூன்று மாரி, இரண்டு பிரேம்: 19 அங்குலத்திலிருந்து 17க்கு இறங்கிய கதை

என் உயரம் 5 அடி 8 அங்குலம். மலைச் சைக்கிள் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் உயரத்துக்கு 19 அங்குலப் பிரேம்தான் எடுப்பாக இருக்கும்" என்றார். உயரமானவன் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? வாங்கிவிட்டேன். கோடை முழுவதும் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி என்று தார் வீதியில் ஓடியபோது ஒரு குறையும் தெரியவில்லை.

மாரி தொடங்கியதும் சாயம் வெளுத்தது. நான் ஓடுவது கன்னியாவுக்கு அப்பால், பற்றைக்காட்டுக்குள் மாடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகளில். ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது வந்துவிடும். முன்சில்லு சறுக்கினால் சட்டென்று காலை ஊன்ற வேண்டும். ஊன்றினால், சீட்டுப் பக்கமிருந்து ஹாண்டில் பக்கம் போகும் மேல்குழாய் கவட்டில் இடிக்கும். கடை வாசலில் சீமெந்துத் தரையில் நின்று பார்த்தபோது இடைவெளி போதும்போலத்தான் இருந்தது. சேற்றில் கால் இரண்டு அங்குலம் புதையும் என்ற கணக்கை அப்போது யார் போட்டார்கள்?

இன்னொரு தொல்லை, கை எட்டும் தூரம். பிரேம் நீளமானதால் கைகள் விறைத்து நீண்டபடியே இருந்தன; ஹாண்டிலைத் திருப்ப முழு உடம்பையும் கூட இழுக்க வேண்டியிருந்தது. ஹாண்டிலைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை, நீளம் குறைந்ததாக மாற்றிப் பார்த்தேன். திருப்பம் சற்று இலகுவானது. ஆனால் இரண்டு சில்லுகளுக்கும் இடையிலுள்ள நீளமும் மேல்குழாயின் உயரமும் ஸ்டெம்மை மாற்றினால் குறைந்துவிடுமா?

இரண்டாவது மாரி முடிந்ததும் 17 அங்குலப் பிரேமில் பழைய சைக்கிள் ஒன்றை எடுத்தேன். இந்த முறை சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கிடையில் கொப்பி ஒன்றை மேலே இறுக்கிப் பிடித்து, நிலத்திலிருந்து அளந்துகொண்டுதான் போனேன்: 80 சென்ரிமீற்றர். மேல்குழாய் அதைவிட நான்கைந்து சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். 17, 19 என்பதெல்லாம் சீட் தண்டு நுழையும் சீட் குழாயின் நீளம் மட்டுமே. அதை அளக்கும் முறையும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். அந்த எண்ணை நம்பி வாங்குவது, சட்டையின் கழுத்துப் பட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் தோளை மறப்பது போன்றது.

மூன்றாவது மாரியில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. சீட்டை நன்றாக இறக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளை மட்டும் வளைவுக்குள் சாய்க்க முடிந்தது. விழவில்லை என்று சொல்லமாட்டேன். விழுந்தபோது சைக்கிள் என்மேல் விழவில்லை.

ஒரு விடயத்தில் நானே ஏமாந்தேன். சின்னப் பிரேம் என்றால் சேறும் குறைவாக அடைக்கும் என்று நினைத்திருந்தேன். தம்பலகாமத்து வயற்கரையின் களி அந்த நினைப்பைத் தீர்த்துவைத்தது. பின்ரயருக்கும் பிரேமுக்கும் இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலும் எல்லா அளவிலும் ஒன்றுதான். 2.25 அங்குல ரயரைக் கழற்றி, பற்கள் விலகி நிற்கும் 2.0 அங்குல ரயரைப் போட்ட பிறகே சில்லு சுற்றியது.

குறையும் உண்டு. சீட் தண்டை நன்றாக உயர்த்த வேண்டியிருப்பதால், அதில் உள்ள எல்லைக் கோடு குழாய்க்கு வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறேன். நிலாவெளிக்குப் போய்த் திரும்பினால் முதுகு கூனி வலிக்கிறது. நாள்தோறும் தார் வீதியில் ஓடுபவருக்கு இந்தச் சின்னப் பிரேமை வாங்கச் சொல்லமாட்டேன்.

பழைய 19ஐ மச்சான் வாங்கிக்கொண்டார். அவர் ஆறடி. அருமையான சைக்கிளை விட்டுவிட்டாய் என்று காணும்போதெல்லாம் சொல்கிறார். இன்னும் கன்னியாப் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை.