நீடாமங்கலம் சாலைப் பணிமனையில் பி.டி.ஓ. திறன் சோதனை: ஒரு மதிப்புரை

டிராக்டரின் பானெட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறனை நம்பி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் வாங்குவதும், சேற்றில் இறக்கியபின் இழுவை போதவில்லை என்று நொந்துகொள்வதும் டெல்டாவில் வழக்கமாகிவிட்டது. பானெட்டில் இருப்பது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டர் போன்ற கருவியைச் சுழற்றுவது, எஞ்சினின் திறனை வெளியே எடுத்துக்கொடுக்கும் பின்பக்கத்து பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) தண்டுக்கு வந்துசேரும் திறன். அதைத் தனியே அளந்து சொல்லும் சேவையை மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே உள்ள ஒரு பணிமனை நடத்துகிறது. 45 குதிரைத்திறன் கொண்ட எங்கள் டிராக்டரைக் குறுவைக்கு முன் அங்கே கொண்டுசென்று சோதித்துப் பார்த்தோம்.

திறனை அளக்கும் கருவி ஒரு சிறிய டிரெய்லரில் பொருத்தப்பட்டிருக்கிறது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டை அதனுடன் இணைத்துச் சுழலவிட்டால், உள்ளே உள்ள இரும்புத் தட்டை மின்காந்தங்கள் தொடாமலேயே தடுத்துப் பிடிக்கின்றன. அந்தத் தடுப்பை எதிர்த்துக் கருவியின் உடல் எவ்வளவு விசையுடன் திரும்பப் பார்க்கிறது என்பதை ஒரு நீளமான கையின் முனையில் இருக்கும் எடை உணரி காட்டுகிறது. அந்த விசையைக் கையின் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை. நியூட்டன் மீட்டரில் உள்ள அந்த எண்ணை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்; அதை 0.7355ஆல் வகுத்தால் நாம் வழக்கமாகப் பேசும் மெட்ரிக் குதிரைத்திறன். ஆக, எந்தக் கருவியும் குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. விசையையும் வேகத்தையும் அளந்து பெருக்கிச் சொல்கிறது. இதைப் பணிமனைக்காரர் திரையில் எண்களைக் காட்டியே விளக்கினார் என்பது இந்தச் சேவையின் பெரிய சிறப்பு.

முதல் ஓட்டத்தில், பி.டி.ஓ. தண்டின் நிர்ணய வேகமான நிமிடத்துக்கு 540 சுழற்சியில் 430 நியூட்டன் மீட்டர் வந்தது. அதாவது ஏறத்தாழ 33 குதிரைத்திறன். சுமை ஏற ஏறக் கரும்புகை தடித்ததைக் கவனித்த மெக்கானிக், “அண்ணே, எஞ்சினுக்குக் காத்து பத்தல, கிளீனரைப் பாத்துருவோம்” என்று சொல்லி ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் தூசியும் மண்ணும் சேர்ந்து கையால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கெட்டியான சேறாகியிருந்தது. சுத்தம் செய்து, புதிய எண்ணெய் ஊற்றி, டீசல் ஃபில்டரையும் மாற்றியபின் முறுக்குவிசை 480க்கு ஏறி, திறன் 37ஐ நெருங்கியது. கரும்புகையும் குறைந்தது. கட்டணத்துக்கு இந்த ஒன்றே போதும்.

குறை, கையில் தரும் அறிக்கையில் இருக்கிறது. 45க்கும் 37க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் ‘டிரான்ஸ்மிஷன் இழப்பு’ என்று ஒரே வரியில் அச்சிட்டிருக்கிறார்கள், இது சரியல்ல. எங்கள் டிராக்டர் தன் முழுத்திறனைத் தருவது 2,000 எஞ்சின் சுழற்சியில், பி.டி.ஓ. 540ஐத் தொடுவதோ 1,800இல். அந்த 200 சுழற்சியில் விடுபடுகிற திறன் இழப்பே அல்ல, எஞ்சின் அந்த வேகத்தில் உண்டாக்காத திறன். உண்மையான இழப்பு, ஒன்றோடொன்று கடிக்கும் பற்சக்கரங்களிலும், கியர்பாக்ஸ் எண்ணெயைக் கலக்குவதிலும், பேரிங்குகளிலும், லிஃப்ட் சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஹைட்ராலிக் பம்ப்பிலும் போகிறது. இவற்றில் சில சுமையோடு கூடும், சில வேகத்தோடு கூடும். எனவே எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒரே விழுக்காடு என்று எதுவும் இல்லை. கார்களை உருளைமேல் ஏற்றிச் சோதிக்கும்போது டயரின் இழப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். இங்கே டயர் சம்பந்தப்படுவதில்லை என்பதால், காருக்குச் சொல்லும் விழுக்காட்டை டிராக்டருக்கு எடுத்துவைப்பதும் தவறு.

சோதனை நேரத்து வெப்பநிலையை அறிக்கை குறிப்பிடவே இல்லை. கத்திரி வெயிலில் 40 பாகையில் எஞ்சின் இழுக்கும் காற்று, 25 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. டீசலை பம்ப் அளந்து கொடுப்பதால் திறன் அதே அளவுக்குக் குறையாது என்றாலும், மார்கழியில் வந்து சோதிப்பவரின் எண்ணோடு இதை ஒப்பிட முடியாது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதிக்கும்போது கடும் வெப்பச் சூழலிலும் தனியாக ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்கிறது. அந்த அறிக்கைகளை மாடல் வாரியாக வைத்திருந்து, வாடிக்கையாளரின் எண்ணை அவற்றோடு ஒப்பிட்டுக் காட்டினால் இந்தச் சேவையின் மதிப்பு இரண்டு மடங்காகும்.

இந்தச் சோதனையால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. கலப்பையைச் சக்கரத்தால் இழுக்கும்போது, பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலைத் தாண்டிய திறனில் கணிசமான பங்கு நம் களிமண் சேற்றில் சக்கரம் வழுக்குவதிலேயே கரைந்துவிடும். சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டினாலும் முழுவதும் மிஞ்சாது. ரோட்டவேட்டரோ பி.டி.ஓ. வழியாகவே திறனைப் பெறுகிறது, அதன் கத்திகள் மண்ணை வெட்டும்போது வண்டியைச் சற்று முன்னுக்கும் தள்ளுகின்றன. சேறடிப்பதற்கு ரோட்டவேட்டரை நம்புகிறவருக்குத்தான் இந்த எண் நேரடியாகப் பயன்படும். சக்கர இழுவையை நம்பும் கலப்பைக்காரருக்கு ஓரளவே.

வாடகைக்கு உழவு ஓட்டுபவர்களும், பழைய டிராக்டர் வாங்க விலை பேசுபவர்களும் தயங்காமல் போகலாம். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறும்வரை ஓட்டியபிறகே அளக்கச் சொல்லுங்கள். எஞ்சினின் முழுத்திறன் வேகத்திலும் ஒருமுறை அளந்து தரும்படி கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் நாள் நெருங்கும்போது அங்கே வரிசை நீண்டுவிடுகிறது. மே மாதத்திலேயே போய்வருவது நல்லது.