அன்ரியல் எஞ்சின் 5-இல் நிம்ருத் அரண்மனை: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

இராக்கின் நிம்ருத்தில் கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அசூர்நசிர்பால் கட்டிய வடமேற்கு அரண்மனையின் அரியணை மண்டபம் ஏறக்குறைய 45 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதைக் கணினியில் முப்பரிமாணமாக மீண்டும் கட்டும்போது, வடிவங்களைச் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் சுவர்களை எழுப்புவது எளிது. அவற்றை உலவிப் பார்க்கும் காட்சியாக்கும் அன்ரியல் எஞ்சினில் வேலை வாங்குவது வெளிச்சமும் புடைப்புச் சிற்பமும்தான்.

வெளிச்சத்துக்கு லூமன், அதாவது பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளியையும் கணக்கிடும் அன்ரியலின் ஒளியமைப்பு. மண்டபம் முழுவதையும் ஒரே மெஷ்ஷாக (முப்பரிமாண வலை வடிவமாக) ஏற்றினால் லூமன் உட்சுவர்களைச் சரியாகப் பதிந்துகொள்வதில்லை. லூமன் பதிந்துவைத்த பரப்புகளைக் காட்டும் சர்ஃபேஸ் கேஷ் பார்வையை இயக்கினால் விடுபட்ட பகுதிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். எதிரொளி அங்கே வராமல் மூலைகள் கரியாகக் கிடக்கும். சுவர், தரை, கூரை என்று பிரித்து ஏற்றுங்கள். சுவர் 10 செ.மீ.க்கும் மெல்லிசாக இருந்தால் வெளிச்சம் கசியும். அசீரியர் கட்டியதோ மீட்டர் கணக்கில் தடித்த, சுடாத செங்கல் சுவர். அதே தடிமனில் கட்டினால் இந்தச் சிக்கலே எழாது. வாசல்களின் ஆழமும் கண்ணுக்குச் சரியாக அமையும்.

புடைப்புச் சிற்பத்துக்கு, மிக நுணுக்கமான மெஷ்ஷையும் வேகம் குறையாமல் காட்டும் நானைட்டை மனதார பரிந்துரைக்கிறேன். கண்ணிமையும் தாடிச் சுருளும் நிஜ வடிவமாகவே நிற்கும். நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் இருப்பதுபோல் ஒளியை ஏமாற்றும் படத்தில்) முடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளெண்டர் தருவது ஓப்பன்ஜிஎல் முறை, அன்ரியல் கேட்பது டைரக்ட்எக்ஸ் முறை; மேல்-கீழ் சாய்வைச் சொல்லும் பச்சை சேனல் இரண்டிலும் நேரெதிர். பச்சை சேனலைத் திருப்ப மறந்தால் மேலிருந்து ஒளி விழும்போது மன்னரின் மூக்கு குழிந்து தெரியும். வெளிச்சம்தான் தவறு என்று விளக்குகளை மாற்றி மாற்றி வைத்து நாள் போக்குவார்கள்.

2.2 மீட்டர் உயரச் சிற்பப் பலகையின் மேல் 4096 பிக்சல் டெக்ஸ்ச்சர் (பரப்பில் ஒட்டும் படம்) வைத்தால் சென்டிமீட்டருக்கு 18 அல்லது 19 பிக்சல் கிடைக்கும். 1024-இல் 4 அல்லது 5தான். பலகையில் செதுக்கியிருக்கும் ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கோடுகளாலான பழைய எழுத்து) வெறும் கீறலாகிவிடும். பலகைதோறும் வரும் வாசகம் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், பலகையின் அகலத்துக்கேற்ப வரி முறியும் இடம் மாறும். அதனால் ஒரே டெக்ஸ்ச்சரைத் திரும்பத் திரும்ப ஒட்டக் கூடாது. சிறகுள்ள காவல் உருவங்களின் உடல் மேலேயே அந்த எழுத்து ஓடுகிறது. அழகுக்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஜிப்சம் பலகைகளில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீல நிறத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. எனவே வெறும் சாம்பல் கல்லாக விடுவதும் பிழை.

வாசலைக் காக்கும், மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளை அல்லது சிங்கச் சிலையான லமாசுவுக்கு ஐந்து கால்கள். முன்னிருந்து பார்த்தால் நிற்கிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் நடக்கிறது. மாடலிங் பிழை என்று நினைத்து ஐந்தாவதை வெட்டிவிடாதீர்கள். தானாக உருவாகும் கொலிஷன் (நடப்பவரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியாத எல்லை) சிறகுக்கும் காலுக்கும் நடுவே பிதுங்கி வாசலை அடைத்துவிடும். அதற்குப் பதிலாக மூன்று கொலிஷன் பெட்டிகளைக் கையால் வைப்பதே நல்லது.

அரியணை வாசலுக்கு நேரெதிரே இல்லை. வடக்கு முற்றத்திலிருந்து நுழைபவர் இடப்பக்கம் திரும்பினால்தான் கிழக்குக் கோடியில் அது தெரியும். வெயிலிலிருந்து இருட்டுக்கு வரும் அந்த நொடியில், காட்சியின் வெளிச்ச அளவைத் தானே சரிசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர் மண்டபத்தை வெளுத்துவிடும். அதன் கீழ், மேல் வரம்புகளை நெருக்கமாக வைத்தால், திரும்பும்போது அரியணை இருளிலிருந்து மெல்ல எழும்.