மாடியில் தக்காளி: மண் தொட்டியா, வளர்ப்புப் பையா, பெயிண்ட் வாளியா?

மாடித்தோட்டம் தொடங்குகிறவர்கள் விதையைப் பற்றிக் கேட்கிறார்கள், உரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். எதில் நடுவது என்ற கேள்வியை மட்டும் அருகிலுள்ள கடையில் என்ன இருக்கிறதோ அதுவே தீர்த்துவிடுகிறது. கீரைக்கும் வெண்டைக்கும் அதனால் பெரிய பாதகம் இல்லை. தக்காளி அவ்வளவு பொறுமையான செடி அல்ல. வயலில் மேல்மண் கொதித்தாலும் ஒரு சாண் ஆழத்தில் வேருக்குக் குளிர்ச்சியான இடம் கிடைத்துவிடும். மொட்டைமாடியில் வைத்த தொட்டியிலோ வெயில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழுகிறது. போதாக்குறைக்குத் தளத்தின் சூடும் அடியிலிருந்து ஏறுகிறது. சென்னைப் புறநகரில், மேற்கு வெயில் முழுவதுமாக விழும் ஒரு மாடியில், எட்டு ஆண்டுகளாக மண் தொட்டி, வளர்ப்புப் பை (செடி வளர்க்கவென்றே விற்கப்படும் நெகிழிப் பை), பெயிண்ட் வாளி ஆகிய மூன்றிலும் தக்காளி வளர்த்து வந்திருக்கிறேன். விலையையும் தோற்றத்தையும் தள்ளி வைத்துவிட்டு, வேருக்கு எவ்வளவு சூடு ஏறும், எவ்வளவு நேரம் ஈரம் நிற்கும் என்ற இரண்டைக் கொண்டே தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு.

கொள்ளளவிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். எல்லாமே அங்குலக் கணக்கில் விற்கப்படுவதால் 12 அங்குலத் தொட்டியும் 12 அங்குலப் பையும் ஒன்றென்றே தோன்றும். உருளையாக நிற்கும் 12-க்கு 12 அங்குலப் பையை விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். அதே 12 அங்குல வாய் கொண்ட மண் தொட்டியோ, சுவர் தடிப்பாக இருப்பதாலும் அடியை நோக்கிக் குறுகிப் போவதாலும், பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொண்டாலே அதிகம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் மேலே இரண்டு அங்குலம் இடம் விட்டு நிரப்பினால் 17 அல்லது 18 லிட்டர் மண்கலவை பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கப்படும் 9 அங்குலப் பையின் கொள்ளளவு ஒன்பதரை லிட்டருக்குள்தான். மூன்று அங்குலம் குறைந்ததற்குப் பாதிக்கு மேல் மண் போய்விடுகிறது. தக்காளிச் செடி ஒன்றுக்கு 15 லிட்டராவது வேண்டும், கொடிபோல் உயர்ந்து போகும் இரகங்களுக்கு 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. இந்த அளவுகோலில் பை முதலிலும் வாளி அடுத்தும் நிற்கின்றன. மண் தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் 14 அங்குலத்துக்குக் குறைந்ததை வாங்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது சூடு. இதில் எனக்குப் பாடம் சொன்னது ஒரு கறுப்பு வாளி. பங்குனிக் கடைசியில் காய்த்துக்கொண்டிருந்த செடி, காலையில் நிமிர்ந்தும் பிற்பகலில் தொய்ந்தும் நாட்களைக் கழித்தது. மண்ணில் விரலை விட்டால் ஈரம் இருந்தது. ஒரு நாள் மூன்று மணி வெயிலில் வாளியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தபோது நாலைந்து நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. செடி முடிந்த பிறகு வாளியைக் கவிழ்த்து மண்கட்டியை உடையாமல் எடுத்துப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்தில் வெள்ளை வேர்கள் வலை பின்னியது போல் படர்ந்திருந்தன. மேற்குப் பக்கத்தில், சுவரிலிருந்து மூன்று விரற்கடை தூரத்துக்கு உயிருள்ள வேரே இல்லை. மிஞ்சியிருந்த சில வேர்களும் பழுப்பேறி, மெல்ல இழுத்தாலே தோல் கழன்று நூலாகக் கையோடு வந்தன. பதினெட்டு லிட்டர் மண் கொடுத்ததாக நான் நினைத்திருக்க, அந்தச் செடி அதில் ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்திப் பிழைத்திருக்கிறது.

வெள்ளை வாளியில் இந்தச் சேதம் வெகுவாகக் குறைகிறது. வெளிப்புறம் வெண்மையாகவும் உட்புறம் கறுப்பாகவும் வரும் வளர்ப்புப் பைகளின் தயாரிப்பு நோக்கமும் இதுதான்: வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு வேருக்கு இருளைத் தருகிறது. கறுப்பு வாளிதான் கையில் இருக்கிறது என்றால் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கலாம், அல்லது பழைய கோணிப்பையைச் சுற்றிக் கட்டலாம்.

மண் தொட்டியின் வழி வேறு. அது வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை. சுவரில் ஊறிய நீர் ஆவியாகிற போது சூட்டையும் கூடவே எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே காரணத்தால்தான். ஆகவே பானைத் தண்ணீருக்கு உள்ள வரம்பு இதற்கும் உண்டு. திருச்சியிலும் மதுரையிலும் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் பல் கூசக் குளிரும். கடற்காற்றின் ஈரம் கனத்து நிற்கும் நாளில் சென்னையில் அதே பானை அரைகுறையாகத்தான் குளிர்விக்கும். உள் மாவட்டங்களில் மண் தொட்டிக்கு நான் தயங்காமல் முதலிடம் தருவேன். கடலோர ஊர்களில் வெள்ளைப் பைக்கும் மண் தொட்டிக்கும் இடையே சூட்டு விஷயத்தில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை.

ஆனால் சுவர் வழியாகப் போகும் நீர் செடிக்குப் போகாத நீர். இதை மறந்துவிட்டு மண் தொட்டியைப் புகழ்வது முழு உண்மை ஆகாது. காய் பிடித்த தக்காளிச் செடி நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நீர் குடிக்கும். மண் தொட்டியில் அதற்கு மேல் சுவருக்கும் சேர்த்து ஊற்ற வேண்டியிருப்பதால், மாசி பிறந்துவிட்டால் காலையும் மாலையும் இரண்டு வேளை நீர் கொடுக்காமல் முடியாது. பையிலும் வாளியிலும் மூடாக்கு போட்டிருந்தால் காலையில் ஒரு வேளை பெரும்பாலும் போதும். காய்ந்த இலைச்சருகோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலக் கனத்தில் மேலே பரப்புவதுதான் மூடாக்கு. அதற்குச் செலவும் இல்லை.

ஈரம் ஏறி இறங்குவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், தக்காளியின் அடிப்பகுதி கறுத்துத் தட்டையாகி அழுகும் குறைபாடு. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் அது வருகிறது என்று அறிந்தவுடன் பலரும் முட்டை ஓட்டுத் தூளைத் தேடுகிறார்கள். ஓட்டுத் தூள் மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலான தொட்டிகளில் சத்து ஏற்கெனவே இருக்கவும் செய்கிறது. அந்தச் சத்து நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும் என்பதால், ஒரு நாள் வறண்டு மறுநாள் வெள்ளமாகிற தொட்டியில் அது காய் வரை போவதில்லை. சிறிய மண் தொட்டிகளில் இந்தக் கறுப்பை அதிகமாகவும், 15 அங்குலப் பைகளில் அரிதாகவும் பார்த்திருக்கிறேன். உரத்தை மாற்றுவதற்கு முன் தொட்டியின் அளவை மாற்றிப் பாருங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

வாளியின் ஆபத்து இதற்கு நேர் எதிரானது. அதற்குச் சுவாசம் கிடையாது. அடியில் நான்கு ஓட்டைகளும் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் நான்கு ஓட்டைகளும் போடாவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் தேங்கி வேர் அழுகிவிடும். வாளியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால்தான் அடி ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். தளத்திலும் ஈரம் ஊறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிமெண்ட் தொட்டி கனம் அதிகம், பகலில் ஏறிய சூட்டை இரவு வரை வைத்திருக்கும். புதிதாக இருக்கும்போது சுண்ணாம்புத் தன்மையும் கூடுதல். தக்காளிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மீன் வரும் தெர்மாகோல் பெட்டி சூட்டை நன்றாகத் தடுக்கிறது, ஆனால் ஆழம் போதாது, ஓரிரு பருவத்தில் நொறுங்கி மாடியெங்கும் வெள்ளை மணிகளாகப் பறக்கிறது. ஃபெல்ட் துணிப் பையில் வேர்கள் சுவரைத் தொட்டதும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, உள்ளே பல கிளைகளாகப் பிரிகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாலாபுறமும் நீர் ஆவியாகும் இந்தப் பை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும் அளவுக்குச் சமவெளி மாடிகளுக்குப் பொருந்தவில்லை.

எடையைப் பற்றி யோசிக்காமல் யாரும் மாடியில் தொட்டி அடுக்கக் கூடாது. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு, கட்டடச் சுமைகளை வகுக்கும் இந்தியத் தரநிலை 875 குறிப்பிடும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. செம்மண் மிகுந்த கலவை நிரப்பி நீர் ஊற்றிய 14 அங்குல மண் தொட்டி ஒன்று 30 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் நான்கு தொட்டிகள் வைத்து, ஆளும் ஏறி நின்றால் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பிய 12 அங்குலப் பை அதைவிட நிறைய மண் கொண்டிருந்தும் எடையில் குறைவாகவே நிற்கும். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளில் வளர்ப்புப் பைகளும் நார்க்கழிவுக் கட்டிகளும் இடம்பெற்றதற்குத் தக்க காரணம் உண்டு. பழைய வீடுகளில் எதை வைத்தாலும் சுவருக்கும் உத்தரத்துக்கும் நேர் மேலே வரிசையாக வைப்பது பாதுகாப்பு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து சேர்ப்பதும் அவசியம். அலசாத நார்க்கழிவில் உள்ள உப்பு இளநாற்றின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

விலையில் பையை எதுவும் வெல்ல முடியாது. ஒரு நல்ல மண் தொட்டியின் விலைக்கு மூன்று நான்கு பைகள் வாங்கிவிடலாம். ஆனால் பையின் ஆயுள் அதன் தரத்தைப் பொறுத்தது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் பை என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்கப்பட்ட பத்துப் பைகள் ஒரே கோடையில் வெளிறி, தூக்கக் கைப்பிடியைப் பிடித்ததும் பட்டை பட்டையாகக் கிழிந்தன. மண்ணில் கலந்த அந்த நெகிழித் துணுக்குகளை இன்றும் முழுமையாகப் பொறுக்கி எடுக்க முடியவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தையலும் கைப்பிடியும் கெட்டியாக உள்ள தடித்த பை மூன்று ஆண்டுகள் தாங்குகிறது. வாளி அதைவிட நீடிக்கும். நீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் இருந்த வாளியாகப் பார்த்து வாங்கி, நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்த வேண்டும். மண் தொட்டி உடையாதவரை உழைக்கும். வெளிச்சுவரில் பூக்கும் வெள்ளை உப்பை ஆண்டுக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவினால் போதும். உடைந்தால் ஓடு மண்ணோடு சேரும், அல்லது அடுத்த தொட்டியின் வடிகால் ஓட்டையை மூட உதவும்.

எந்த இரகம் என்பதும் இந்தத் தேர்வோடு பின்னிக் கிடக்கிறது. அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 ஓரளவுக்கு மேல் உயராது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ 3 இன்னும் குட்டையாக நின்று கொத்தாகக் காய்க்கும். இவ்விரண்டும் வாளிக்கும் 14 அங்குல மண் தொட்டிக்கும் பொருத்தமானவை. ரசத்துக்கு வேண்டிய புளிப்பும் சாறும் பி.கே.எம். இரகத்தில் நிறைவாக உண்டு, விதையும் எடுத்து வைக்கலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு இரகம். இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் ஆற்றல் கொண்டது. இலைச்சுருட்டையைப் பரப்பும் வெள்ளை ஈ அதிகமுள்ள மாடிகளில் அது பெரிய ஆறுதல். ஆனால் அதற்கு 15 அங்குலப் பையும் உறுதியான ஊன்றுகோலும் கொடுக்க வேண்டும். அதன் பழத்தில் விதை எடுத்தால் தாய்ச்செடியைப் போல் வராது என்பதால் ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும்.

பகல் 35 பாகை செல்சியஸைத் தாண்டி இரவும் புழுங்கத் தொடங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இந்தக் குறையை எந்தத் தொட்டியாலும் சரிசெய்ய முடியாது. கடலோரத்தில் ஐப்பசிக் கடைசியில் விதைத்துக் கார்த்திகையில் நாற்றைப் பெயர்த்து நட்டால், தை தொடங்கிப் பங்குனி வரை பறிக்கலாம். பகலெல்லாம் வேலைக்குச் செல்கிறவர்கள் 15 அங்குல வெள்ளைப் பையை எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் இருந்து இரண்டு வேளை நீர் ஊற்ற ஆள் உள்ளவர்களுக்கும், உள் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கும் பெரிய மண் தொட்டி நிறைவு தரும். வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு, கைப்பிடியோடு தூக்கிச் செல்லக்கூடிய வெள்ளை வாளிதான் வசதி. வாளிக்கு இன்னொரு சாதகமும் உண்டு: ஆழம். தக்காளியின் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும் என்பதால், நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நாலைந்து அங்குலம் உள்ளே இறக்கி நடலாம். அப்படி நட்ட செடி முதல் ஒரு வாரம் வளராதது போல் தோன்றும். அந்த நாட்களில் அது மண்ணுக்கடியில் வேர் விட்டுக்கொண்டிருக்கும்.